கோயில் மண்டபத்தில் இதய தான விளக்கக் கூட்டம்: நடத்தும் முறை

மலேசியாவின் முதல் இதய மாற்று அறுவை 1997 டிசம்பரில் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் நடந்தது. அறுவை செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது. பற்றாக்குறை இதயத்துக்குத்தான். அது கைநழுவும் இடங்களில் முக்கியமானது தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசல். "அவரு எங்ககிட்ட ஒன்னுமே சொல்லலையே, நாங்க எப்படி முடிவெடுக்கிறது?" என்று குடும்பம் கையைப் பிசைந்து நிற்கும் அந்த அரைமணி நேரத்தில் விஷயம் முடிந்துபோகிறது. ஒரு கோயில் இளைஞர் பிரிவோ முன்னாள் மாணவர் சங்கமோ இதய மாற்றுச் சிகிச்சைக்குச் செய்யக்கூடிய உருப்படியான உதவி, அந்தக் கேள்விக்கு வீட்டில் முன்கூட்டியே பதில் இருக்கும்படி செய்வதுதான். ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது அதற்கு அடுத்த வேலை.

நாளும் நேரமும்

ஞாயிறு காலைப் பூசைக்கும் அன்னதானத்துக்கும் நடுவே 45 நிமிடம் கேட்டு வாங்குங்கள். 20 நிமிடம் விளக்கம், 25 நிமிடம் கேள்வி. அன்னதானத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். கை கழுவிய கூட்டம் செருப்பைத் தேடும். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரண்டு வாரங்கள் வேண்டாம். அழைப்பில் "குடும்பத்தோடு வாருங்கள்" என்று தெளிவாகப் போடுங்கள். தனியாக வந்து கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது வீண்.

பேச்சாளருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே கடிதம் போக வேண்டும். கோலாலம்பூர் மருத்துவமனையில் இயங்கும் தேசிய மாற்று உறுப்பு வள மையம் முதல் இடம். பெரிய அரசு மருத்துவமனைகளில் உறுப்பு, திசு தானத்துக்கென்றே குழுக்கள் உண்டு, அவர்களையும் கேட்கலாம். கடிதத்தில் தேதி, இடம், எத்தனை பேர், என்ன வயது, கார் நிறுத்த இடம் உண்டா என்பவற்றோடு தமிழில் பேசக்கூடிய தாதியோ மருத்துவரோ வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் மலாயில் விளக்கம் வரும். பின்வரிசைப் பாட்டிகள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் போய்ச் சேராது.

மாற்று இதயம் பெற்ற ஒருவர் தானாக முன்வந்தால் பத்து நிமிடம் பேசச் சொல்லலாம். முகக்கவசத்தோடு வரட்டும், கூட்டம் நெருக்குவதற்கு முன் கிளம்பட்டும். இதயத்துக்காகக் காத்திருக்கும் நோயாளியின் குடும்பத்தை மேடை ஏற்றாதீர்கள். விளக்கக் கூட்டம் யாசகமாக மாறினால் வந்தவர்கள் சங்கடப்பட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். சங்கடத்தில் போட்ட கையெழுத்து வீட்டில் பேசப்படுவதில்லை. உறுப்பு கொடுத்த குடும்பம் வர விரும்பினாலும் ஓராண்டுத் திதி முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது.

நம் மண்டபங்கள் பக்கவாட்டில் திறந்தவை, வெளிச்சம் கொட்டும். புரொஜெக்டர் போட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. ஏ3 அளவில் நான்கைந்து படங்களை அச்சடித்து லேமினேட் செய்து கையில் பிடித்துக் காட்டுவது மேல். கம்பியில்லா மைக்குக்கு மாற்று பேட்டரி, கேள்வி கேட்பவருக்கு இரண்டாவது மைக், பதிவு மேசையில் கைப்பேசி இணையம் பகிர ஒரு இளைஞர், இவை போதும். பேனருக்கு 300 ரிங்கிட் செலவழிக்கத் தேவையில்லை.

என்ன விளக்குவது

மூளைச்சாவில் தொடங்குங்கள். இது புரியாவிட்டால் மற்ற எதுவும் நிற்காது.

வீட்டில் மாரடைப்பில் இறந்தவரின் இதயத்தை இங்கே மாற்று அறுவைக்கு எடுக்க முடியாது. கருவிழி, இதய வால்வு போன்ற திசுக்களைத்தான் தரலாம். முழு இதயம் தரக்கூடியவர், விபத்திலோ மூளை ரத்தக்கசிவிலோ மூளை முழுவதும் செயலிழந்து, சுவாசக் கருவியில் இருப்பவர். இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே கிளப்பும் முடிச்சு ஒன்று உண்டு. ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்வரை மூளையின் கட்டளை இல்லாமலும் அது துடிக்கும். சுவாசக் கருவியால் மார்பு ஏறி இறங்குகிறது; அந்தத் துடிப்பால்தான் உடம்பு சூடாக இருக்கிறது, திரையில் துடிப்பு ஓடுகிறது. இதைப் பார்த்துவிட்டு "கோமாதானே, முழிச்சிடுவாரு" என்று நினைப்பது இயல்பு. கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்கிறது, மூளைச்சாவில் செய்வதில்லை. கோமாவிலிருந்து மீண்டவர்கள் உண்டு. முறையாக உறுதி செய்யப்பட்ட மூளைச்சாவிலிருந்து மீண்டவர் இல்லை.

பரிசோதனையை மேலோட்டமாகச் சொல்லாமல் படிப்படியாகச் சொல்லுங்கள். சந்தேகம் அங்கேதான் கரைகிறது. முதலில் மயக்க மருந்தின் தாக்கம் இல்லை, உடல் குளிர்ந்து போகவில்லை, மூளை சிதைந்ததற்கான காரணம் ஸ்கேனில் தெரிகிறது என்று உறுதி செய்கிறார்கள். பிறகு கண்மணியில் வெளிச்சம் அடிக்கிறார்கள், சுருங்குவதில்லை. கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை அசைவதில்லை. காதுக்குள் பனிக்கட்டி போட்ட நீரைச் செலுத்தினால் உயிருள்ள மூளை கண்களை ஒரு பக்கம் திருப்பும். இங்கே கண்கள் அப்படியே நிற்கும். தொண்டைக்குள் குழாயை அசைத்தாலும் இருமல் வருவதில்லை. கடைசியாகச் சுவாசக் கருவியை நிறுத்திவிட்டு, குழாய்வழி ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, மார்பையும் வயிற்றையும் பார்த்தபடி நிற்கிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு 60 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏறியும் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை என்றால் மூச்சு மையமும் போய்விட்டது. இரண்டு நிபுணர்கள், இரண்டு முறை. மாற்று அறுவைக் குழுவில் உள்ள எவரும் இதில் சேரக்கூடாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூளைச்சாவுக்குப் பிறகும் முதுகுத்தண்டின் அனிச்சையால் விரலோ காலோ அசையலாம், அபூர்வமாகக் கையே உயரலாம். மருத்துவமனையில் இதை முதன்முறையாகப் பார்க்கும் குடும்பம் அதிர்ந்துபோய்ச் சம்மதத்தைத் திரும்பப் பெறும். மண்டபத்தில் கேட்டு வைத்திருந்தால் தாங்கிக்கொள்வார்கள்.

அடுத்து நேரக் கணக்கு. எடுத்த இதயத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தால் சுமார் 4 மணி நேரம்தான் நம்பலாம்; சிறுநீரகம் ஒரு நாளைத் தாண்டியும் தாங்கும். பினாங்கிலோ ஜொகூரிலோ எடுத்த இதயம் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இருதயக் கழகத்துக்கு வந்து, தைக்கப்பட்டு, மறுபடி ரத்தம் பாய்வது வரை எல்லாம் இந்த நான்கு மணிக்குள் அடங்க வேண்டும். விமானமும் போலீஸ் வண்டியும் ஓடுவது அதற்குத்தான். ரத்த வகையும் உடலின் பருமனும் பொருந்த வேண்டும். பெறுபவரின் ரத்தத்தில் கொடுப்பவருக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் இருக்கக்கூடாது. இனம் பொருந்த வேண்டியதில்லை. நம் நாட்டில் இந்த ஒரு வரியைத் தனியாக, நிதானமாகச் சொல்லுங்கள்.

2007 அக்டோபரில் 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதல் இதயம் ஒத்துக்கொள்ளாமல் போய், அடுத்த நாளே இரண்டாவது இதயம் பொருத்தப்பட்டதைப் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு முன் ஓராண்டு அவள் இயந்திர இதயத்தின் துணையில் இருந்தாள். பொருத்திய உடனே உடல் நிராகரிக்கக்கூடும் என்பதை விளக்க இதைவிடத் தெரிந்த உதாரணம் கிடையாது.

எழும் கேள்விகள்

"உடம்பை அறுத்துக் கோரமாக்கிடுவாங்களா?" மார்பெலும்பைத் திறந்து எடுத்து, மற்ற அறுவையைப் போலவே தைத்து மூடுவார்கள். சட்டை போட்டால் தெரியாது. முகத்தைத் திறந்துவைத்துச் சடங்கு செய்யலாம்.

"சடங்கு தள்ளிப்போகுமா?" போகும். சம்மதம் சொன்னதிலிருந்து உடல் கைக்கு வர அரைநாளிலிருந்து ஒரு நாள் வரை கூடுதலாகலாம். இதை மறைத்தால் பின்னால் மனக்கசப்புதான். ஐயரிடமும் வெட்டியானிடமும் சொல்ல வேண்டியிருக்கும் என்று நேராகச் சொல்லுங்கள்.

"அடுத்த பிறவியில இதயம் இல்லாம பொறப்பாரா?" சிரிக்காதீர்கள், கேட்டவர் உண்மையாகவே கேட்கிறார். எரித்த உடம்பில் இதயமும் சேர்ந்துதான் எரிகிறது, ஆன்மா அதை எடுத்துப் போவதில்லை என்பதைக் கோயில் குருக்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கண்ணைக் கொடுத்த கண்ணப்பரையும் முதுகெலும்பைக் கொடுத்த ததீசியையும் ஒரு வரியில் தொடலாம். அரைமணி நேரம் புராணம் பேசி உருக்கிவிட்டால் கேள்வி கேட்கும் துணிவு போய்விடும். மஸ்ஜித் இந்தியா பக்கம் தமிழ் முஸ்லிம் சங்கங்களுக்கு நடத்தும்போது, இதயமும் கண்ணும் மாற்றிப் பொருத்துவதை மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1970இலேயே அனுமதித்ததைச் சொன்னால் போதும்.

"தானக் கார்டு இருந்தா டாக்டரு சீக்கிரம் விட்டுடுவாரா?" சிகிச்சை தரும் குழு வேறு, மாற்றுக் குழு வேறு. காப்பாற்றும் வழி முடிந்து, மரணம் உறுதியாகி, அதைக் குடும்பத்திடம் சொன்ன பிறகே தானப் பேச்சு வர வேண்டும்.

"காசு கேப்பாங்களா? காசு தருவாங்களா?" இரண்டும் இல்லை. யாராவது விலை பேசினால் அது நெறிமுறைக்கு முரண்.

பதிவும் அதற்குப் பிறகும்

உறுப்பு தானப் பதிவைச் சுகாதார அமைச்சின் மைசெஜாத்ரா செயலியிலேயே செய்யலாம். மேசையில் நடக்கும் சிக்கல்கள் எப்போதும் ஒன்றுதான்: கடவுச்சொல் மறந்திருக்கும், பழைய கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும், செயலி புதுப்பிக்கச் சொல்லும், மண்டபத்தில் சிக்னல் இருக்காது. முந்தின நாளே வாட்ஸ்அப்பில் "செயலியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பினால் பாதி வேலை மிச்சம். மற்றவரின் மைகார்டு (அடையாள அட்டை) எண்ணை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள். பேரனைக்கொண்டு பதிவு செய்யும் தாத்தாவிடம் எதற்குச் சம்மதிக்கிறார் என்று நீங்களே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஆனால் பதிவு எண்ணிக்கையை வெற்றியாகக் கொண்டாட வேண்டாம். 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் குடும்பம் வேண்டாம் என்றால் எடுக்க மாட்டார்கள். அதனால் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஒத்திகைக்கு ஒதுக்குங்கள். இப்படி ஒரு பேச்சை மைக்கில் நடித்தே காட்டலாம்:

"அம்மா, ஒன்னு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. நான் உறுப்பு தானத்துக்குப் பதிஞ்சிருக்கேன்."
"வாயக் கழுவு. காலங்காத்தால என்ன பேச்சு இது?"
"எனக்கு ஒன்னும் ஆகாதுமா. ஆனா ஒருவேளை ஆனா, உங்கள யாராச்சும் கேட்டா, அவன் சரின்னு சொன்னான்னு சொல்லுங்க. அது போதும்."

அம்மா உடனே சரி என்று சொல்ல மாட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை, கேட்டிருந்தால் போதும். மனைவி, மூத்த அண்ணன், தாய்மாமன் என்று அந்த வீட்டில் யார் சொல்லுக்கு எடையோ அவர் காதிலும் விழ வேண்டும். மருத்துவமனை வாசலில் "மாமா என்ன சொல்றாரோ" என்றுதான் எல்லோரும் திரும்புவார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்தவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: வீட்டில் பேசினீர்களா? அந்த எண்ணிக்கைதான் உங்கள் ஆண்டறிக்கைக்கு உரியது.

இதயம் பெற்றவர்களுக்கான வகுப்பு

உலக அளவில் மாற்று இதயம் பெற்றவர்களில் பாதிப் பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகள் அறுவை மேசையோடு சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் தீர்மானமாகின்றன. மருத்துவமனை தரும் விளக்கத்தை நம் சாப்பாட்டுக்கும் பழக்கத்துக்கும் பொருத்திச் சொல்வது தமிழ் அமைப்பு ஒன்றால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை. மருந்தாளர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்கட்டும். அளவை மாற்றும் பேச்சு மேடையில் வரவே கூடாது.

புதிய இதயத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தப் பரிசோதனை நாளில் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மாத்திரையைக் கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் வீட்டில் யாரோ அன்போடு நேரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மறந்துபோன வேளைக்கு ஈடாக இரட்டை மாத்திரை கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து குறையும் என்றுதான் தோன்றும். உண்மையில் ரத்தத்தில் அதன் அளவு ஏறலாம், உடனே மருத்துவமனையின் மாற்றுச் சிகிச்சை ஒருங்கிணைப்பாளரை அழைக்க வேண்டும். கடையில் வேறு பிராண்ட் கொடுத்தால் சொல்லாமல் மாற்றிக்கொள்ளக் கூடாது.

சீனப் புத்தாண்டில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பம்ப்ளிமாஸ், அதாவது லிமாவ் பாலி, கூடவே கூடாது. டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை அது முடக்குவதால் மருந்து ரத்தத்தில் தேங்கிச் சிறுநீரகத்தைத் தாக்கும். ஒரு சுளைதானே என்பது இங்கே செல்லாது. ஜாமு, சின்சே கஷாயம், இந்தியாவிலிருந்து வரும் லேகியம் எல்லாமே மருந்தாளரிடம் காட்டிய பிறகுதான். குழம்பில் போடும் மஞ்சள் பரவாயில்லை, மஞ்சள் மாத்திரை வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். இந்த மருந்தும் பொட்டாசியத்தை உயர்த்தும். கோபித்தியாம் அரைவேக்காட்டு முட்டை, லக்சாவில் மேலாகப் போடும் கெராங் (சிப்பி), பச்சைத் தாவுகே (முளைப்பயறு), வெளியில் வெட்டி வைத்த ரோஜாக் பழங்கள் ஆகியவற்றுக்கு விடை கொடுக்க வேண்டும். அன்னதானம் சாப்பிடலாம், ஆனால் முதல் பந்தியில், சுடச்சுட. இரண்டு மணி நேரம் அண்டாவில் ஆறிய சோறு வேண்டாம்.

காய்ச்சலா, மூட்டுவலியா, கடையில் ஐபுபுரோஃபென் வாங்கிப் போடக் கூடாது. டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு, இல்லாவிட்டாலும் சிறுநீரகத்துக்குக் கேடு. 38 டிகிரியைத் தொட்டாலே மருத்துவமனைதான். தைப்பூசத்தில் அலகு குத்துவது தொற்றை வலிய அழைப்பது. பால்குடம் வீட்டுப் பக்கத்துக் கோயிலில், கூட்டமில்லாத நேரத்தில் எடுக்கலாம். பத்துமலையின் 272 படிகளை ஏறத் தடையில்லை, மருத்துவர் சரியென்றால். ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: மாற்று இதயத்தின் நரம்புகள் வெட்டப்பட்டவை. ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும், ஏறத் தொடங்கியதும் மெதுவாகத்தான் வேகம் கூடும், நின்ற பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே முதல் முப்பது படியை நிதானமாக வையுங்கள். இதே காரணத்தால் ரத்தக்குழாய் அடைத்தாலும் நெஞ்சுவலி வராமலே போகலாம். மூச்சிரைப்பு, கால் வீக்கம், காரணமில்லாத அசதி, இவைதான் அறிகுறி.

ஊருக்குப் போகும்போது மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காலை 8 மணி என்றால் மதுரையில் 5:30. குறுகிய பயணமாக இருந்தால் மலேசிய நேரத்திலேயே தொடர்வது எளிது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் கூடாது. டைபாய்டுக்கு வாய்வழி மாத்திரையைத் தவிர்த்து ஊசியைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆராய்ச்சியும் பணமும்

சிறு அமைப்பு ஆய்வுக்கூடம் கட்ட முடியாது. கேள்விப் படிவத்தைத் தமிழில் சரியாக எழுதித் தருவது, நோயாளிகளைச் சந்திக்க ஏற்பாடு செய்வது, ஒரு தாதியின் பயிற்சிச் செலவை ஏற்பது போன்றவற்றைச் செய்யலாம். "ஏன் இந்தியர்கள் சம்மதம் தரத் தயங்குகிறார்கள்" என்று நீங்களாகவே கூகுள் படிவம் அனுப்பிவிட்டுப் பிறகு கட்டுரையாக வெளியிட முயன்றால் எந்த இதழும் ஏற்காது. நெறிமுறை அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். சுகாதார அமைச்சின் மருத்துவமனையில் நடப்பது என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் தேசிய இருதயக் கழகத்துக்கும் தனிக் குழுக்கள் உண்டு. அதனால் முதலில் ஓர் ஆய்வாளரைப் பிடியுங்கள், பிறகு கேள்வியை.

அமைப்பைப் பதிய 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நன்கொடையாளருக்கு வரி விலக்கு தர, வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் ஒப்புதல் தனியாக வாங்க வேண்டும். பதிவு செய்தாலே விலக்கு வந்துவிடும் என்று நம்பி ரசீதில் அச்சடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஒப்புதல் வரும்வரை ரசீதில் அந்த வரி இருக்கக்கூடாது. தெருவிலும் வீடு வீடாகவும் உண்டியல் ஏந்த உரிமம் வேண்டும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து. கூட்டச் செலவுக்கும் ஆராய்ச்சி நிதிக்கும் தனித்தனிக் கணக்கு. உறுப்பு கொடுத்த குடும்பத்திடம் எந்தக் காலத்திலும் நன்கொடை கேட்காதீர்கள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வந்தாலும் முகநூலில் போடாதீர்கள். இரு குடும்பமும் சந்திக்க விரும்பினால் அது மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் வழியாகப் போகட்டும்.